கைக்குச் சிக்காத குப்பை

ஆஸ்லோ: ஃபிராம் கப்பல்

ஆஸ்லோவின் பிக்டோய் பகுதியில், கூரை செங்குத்தாகச் சரியும் ஒரு கட்டடத்துக்குள் 'ஃபிராம்' கப்பல் முழுதாக நிற்கிறது. தளத்தில் ஏறி நடக்கலாம். உள்ளே இறங்கினால் மாலுமிகள் படுத்திருந்த சின்ன அறைகளை எட்டிப் பார்க்கலாம். பனிக்கட்டிகள் இரு பக்கமும் நெருக்கும்போது நசுங்காமல் மேலே எழும்ப வேண்டும் என்பதற்காக அடிப்புறத்தை உருண்டையாகக் கட்டியிருக்கிறார்கள். வடக்கே போகிறவர்கள் முதலில் இங்கே வந்துவிட்டுப் போவது நல்லது.

இந்தக் கப்பல் பிறந்த கதைக்குள் இன்னொரு கப்பல் இருக்கிறது. 1881-இல் 'ஜெனெட்' என்ற அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனிக்கட்டிகளுக்கு நடுவில் நசுங்கி மூழ்கியது. 1884-இல் அதன் சாமான்கள் சில, கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையருகே ஒரு பனிப்பாளத்தின் மேல் கிடைத்தன. கப்பல் தலைவர் கையெழுத்திட்ட உணவுப் பட்டியல் ஒன்று அதில் இருந்தது. ஒரு மாலுமியின் பெயர் எழுதிய எண்ணெய்த்துணிக் காற்சட்டையும் இருந்தது. சைபீரியாவில் மூழ்கியது கிரீன்லாந்துக்கு எப்படி வந்தது? துருவத்தின் குறுக்கே ஓர் ஓட்டம் இருந்தால்தான் வரும் என்று நார்வேயின் நான்சன் முடிவு கட்டினார். 1893-இல் ஃபிராம் கப்பலை வேண்டுமென்றே சைபீரியப் பக்கத்துப் பனியில் உறையவிட்டார். பனியோடு பனியாக நகர்ந்த கப்பல், 1896-இல் ஸ்வால்பார்ட் தீவுகளின் அருகே வெளியே வந்தது.

ஆர்க்டிக்கின் அந்தப் பெரிய ஓட்டத்தை உலகம் தெரிந்துகொண்டதில் ஒரு மாலுமியின் காற்சட்டைக்கும் பங்கு உண்டு. ஓட்டம் இன்றும் அதே வழியில்தான் போகிறது. அது சுமந்து வருவதுதான் மாறிவிட்டது. சைபீரியப் பெருநதிகளின் வாயில் உறையும் பனியும், அட்லாண்டிக்கிலிருந்து ஏறும் வெதுவெதுப்பான நீரும், தெற்கிலிருந்து அடிக்கும் காற்றும் இப்போது வடக்கே கொண்டு சேர்ப்பது 5 மில்லிமீட்டருக்கும் சிறிய பிளாஸ்டிக் துகள்களை. அவை போய்ச் சேரும் கடலைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

டிராம்சோ: மீன் மணக்கும் வீடு

டிராம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கிறது. ஆனாலும் துறைமுகம் குளிர்காலத்தில் உறைவதில்லை. மெக்சிகோ வளைகுடாப் பக்கமிருந்து கிளம்பும் சூடான நீர் இந்தக் கரையைத் தொட்டுக்கொண்டு போவதே காரணம். கோடையில் நள்ளிரவிலும் வெயில் அடிக்கிறது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டுக்கொண்டுதான் ஊர் தூங்குகிறது.

இங்கே ஈழத்தமிழர் ஒருவர் வீட்டில் சாப்பாடு. 1980-களில் வந்தவர். அப்போது வந்த பலரைப் போல அவரும் வடக்கே ஃபின்மார்க்கின் மீன் ஆலைகளில் பல ஆண்டுகள் கத்தி பிடித்து நின்றிருக்கிறார். போனவுடன் பேச்செடுத்தேன். "இருங்கோ தம்பி, கதையைப் பிறகு பாப்பம். முதல்லை சாப்பிடுங்கோ" என்று புட்டையும் காய்ந்த காட் மீன் குழம்பையும் வைத்தார். இந்த மீனை இங்கே உப்பிடுவதில்லை. குளிர் குறையாத மாதங்களில் மரச்சட்டங்களில் தொங்கவிட்டால் காற்றே காய வைத்துவிடுகிறது. ஊறவைத்துக் குழம்பில் போட்டால் நார்நாராகப் பிரிந்து, நம் ஊர்க் கருவாட்டின் காரமில்லாத தம்பி போல் நாவில் இறங்குகிறது.

கை கழுவிய பிறகு அவரே தொடங்கினார். "மீனோடை சேந்து நீல நூல், பச்சை நூல் எல்லாம் வரும் தம்பி. இழுவை வலையின்ரை நூல். தண்ணியை அடிச்சுத் தள்ளிப்போட்டு வேலையைப் பாப்பம். அது எங்கை போகுதெண்டு ஆர் அப்ப யோசிச்சது?"

அது போகும் இடத்தைக் கடல் ஆய்வாளர்கள் பிறகு தேடிப் பார்த்தார்கள். 2013-இல் 'தாரா' என்ற பாய்மர ஆய்வுக் கப்பல் ஆர்க்டிக்கைச் சுற்றிவந்து வலை வீசியது. ஸ்பெயினின் ஆண்ட்ரெஸ் கோசார் குழுவினர் 2017-இல் வெளியிட்ட முடிவின்படி, ஆர்க்டிக்கின் பெரும்பரப்பில் மிதக்கும் பிளாஸ்டிக் குறைவு. கிரீன்லாந்துக் கடலிலும் பேரண்ட்ஸ் கடலிலும் மட்டும் அது குவிந்திருந்தது. அட்லாண்டிக் நீர் அங்கே வந்து குளிர்ந்து, கனத்து, ஆழத்தில் இறங்கித் தெற்கே திரும்பிவிடும். மிதப்பது மிதந்தபடி அங்கேயே தங்கிவிடும். நீருக்கு வெளியேற வழி உண்டு; பிளாஸ்டிக்குக்கு அது முட்டுச்சந்து.

லாங்யியர்பியன்: நிலக்கரி ஊர்

ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 டிகிரி வடக்கு. மரம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. வில்லோ மரம்கூட இங்கே தரையோடு தரையாக விரல் உயரத்தில் படர்கிறது. மொட்டை மலைகளின் சரிவில் பழைய நிலக்கரிக் கம்பிவடத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. சுரங்கத்தார் கரி படிந்த காலணிகளை வாசலில் கழற்றிய வழக்கம் அப்படியே தொடர்கிறது. விடுதியிலும் அருங்காட்சியகத்திலும் காலுறையோடுதான் நடக்க வேண்டும். நார்வேக்காரர்களின் கடைசிச் சுரங்கமும் 2025-இல் மூடப்பட்டுவிட்டது. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்காகத் துப்பாக்கியோடு ஒருவர் கூட வர வேண்டும்.

சுமார் 2,500 பேர் வாழும் இந்த ஊரில் தாய்லாந்துக்காரர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மதியச் சாப்பாடு அவர்களில் ஒருவர் நடத்தும் கடையில். துளசியும் மிளகாயும் போட்டு வதக்கிய கறி, பக்கத்தில் ஆவி பறக்கும் சோறு. வெளியே ஜூலை மாதத்தில் 6 டிகிரி. "இங்கே பருத்தி உடம்புக்கு ஆகாது. நனைந்தால் காயாது. எல்லாரும் இதுதான்" என்று தன் மேல்சட்டையைத் தொட்டுக் காட்டினார் அந்த அம்மா. கடையில் இருந்த அத்தனை பேரும் என்னையும் சேர்த்து அதைத்தான் போட்டிருந்தோம்: பாலியஸ்டர் இழையால் ஆன மெத்துமெத்தென்ற ஃபிளீஸ் சட்டை.

துவைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சட்டையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்கின்றன. லாங்யியர்பியனின் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமலே ஊரையொட்டிய அட்வென்ட் ஃபியோர்டு என்ற கடல்நுழைவில் கலப்பதைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்டுக்குச் சுமார் 1,800 கோடி நுண்ணிழைகள் அந்தக் குழாய் வழியாகக் கடலுக்குப் போவதாக அது கணக்கிட்டது. கோடிக்கணக்கானோர் வாழும் நாடுகளின் குப்பைதான் ஆர்க்டிக்குக்கு வருகிறது என்ற நினைப்போடுதான் நானும் வந்திருந்தேன். அது உண்மைதான். ஆனால் ஓர் எளிய வடிகட்டல் இல்லாவிட்டால் ஒரு சிற்றூரே இவ்வளவு சேர்த்துவிடும் என்பதும் உண்மை.

அதே 2021-இல் கனடா விஞ்ஞானி பீட்டர் ராஸும் குழுவினரும் ஆர்க்டிக் நெடுக எடுத்த நீரைச் சோதித்து எழுதினார்கள். கிடைத்த செயற்கைத் துகள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் இழைகள். அவற்றிலும் பெரும்பங்கு பாலியஸ்டர். பசிபிக் பக்கத்தைவிட அட்லாண்டிக் பக்கத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு.

மாலையில் நான் ஏறிய பயணக் கப்பல் இஸ்ஃபியோர்டைவிட்டு வெளியேறியது. ஃபுல்மார் பறவைகள் இறக்கையை அசைக்காமல் பின்னாலேயே மிதந்து வந்தன. தளத்தில் நின்றால் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று காற்றில் சாய்ந்து, கறுத்த கண்ணால் பார்த்துவிட்டுப் போகும். பெரும்பாலும் கடலின் மேற்பரப்பில் மிதப்பதைக் கொத்தித் தின்னும் பறவை இது. இந்தப் பகுதியில் சோதித்த 40 ஃபுல்மார்களில் 35-இன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதைப் படித்துவிட்டு வந்தவனுக்கு, அவ்வளவு அழகாகப் பறக்கும் ஒரு பறவையை மகிழ்ச்சியோடு மட்டும் பார்க்க முடியவில்லை.

நி-ஒலசுண்ட்: ஹிமாத்ரி இருக்கும் தெரு

கோங்ஸ் ஃபியோர்டின் தென்கரையில் வண்ண மரவீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு. இதுவும் சுரங்க ஊராக இருந்ததுதான். 1962-இல் வெடிவிபத்தில் 21 தொழிலாளர்கள் இறந்தார்கள். சுரங்கம் அதோடு முடிந்தது. இப்போது பல நாடுகளின் ஆய்வு நிலையங்கள் இங்கே அடுத்தடுத்து இருக்கின்றன. நுண்ணிய வானலைக் கருவிகளுக்கு இடைஞ்சல் கூடாது என்பதால் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றச் சொல்கிறார்கள். தெருவில் நடந்தால் ஆர்க்டிக் ஆலாக்கள் கூட்டுக்குக் காவலாகத் தலைக்கு மேல் பாய்ந்து கொத்த வருகின்றன. ஒரு குச்சியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போனால் அவை குச்சியோடு மல்லுக்கட்டும்.

இந்தத் தெருவில்தான் 2008-இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் 'ஹிமாத்ரி' நிலையம் இருக்கிறது. கோவாவிலுள்ள தேசிய துருவ, பெருங்கடல் ஆராய்ச்சி மையம் அதை நடத்துகிறது. எதிரே தெரியும் நீருக்கடியில் 2014-இல் ஒரு கருவித்தொகுதியை நங்கூரமிட்டார்கள். அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்குப் பெரும்பங்கு உண்டு. நீரின் வெப்பம், உப்பு, ஓட்டம் ஆகியவற்றை அது ஆண்டு முழுக்க அளக்கும். அட்லாண்டிக் நீர் இந்த ஃபியோர்டுக்குள் எவ்வளவு ஏறுகிறது என்பது நம் பருவமழை ஆய்வாளர்களுக்கும் வேண்டிய செய்தி. அந்த நீரோடு என்ன ஏறி வருகிறது என்பதும் இனிமேல் வேண்டிய செய்திதான்.

கப்பலில் உடன் வந்த ஜெர்மன் கடல் உயிரியலாளர் ஒருவர், சேற்றில் பிளாஸ்டிக்கைத் தேடும் முறையை அன்றிரவு பொறுமையாக விளக்கினார். வண்டலைக் கனமான துத்தநாகக் குளோரைடு கரைசலில் கலக்குவார்கள். மணல் அடியில் தங்கும், பிளாஸ்டிக் மிதக்கும். மிதந்ததை வடிகட்டி, அகச்சிவப்பு ஒளி காட்டும் நுண்ணோக்கியில் வைப்பார்கள். பாலிஎத்திலீன், நைலான், சாயப்பூச்சு என ஒவ்வொன்றும் ஒளியை வேறு வேறு விதமாக உறிஞ்சும். அதை வைத்து இன்னது என்று பிரிப்பார்கள். "ஆய்வறையில் பருத்தி மேலங்கிதான். எங்கள் சட்டை நூலே கணக்கைக் கெடுத்துவிடும். வெறும் தண்ணீரையும் இதே முறையில் ஒருமுறை சோதித்துப் பார்த்து, அதில் வந்ததைக் கழித்த பிறகுதான் எண்ணிக்கையை எழுதுவோம்" என்றார். இவ்வளவு கட்டுப்பாட்டோடு எண்ணிய எண்கள் என்பதால்தான் அவை அச்சமூட்டுகின்றன.

வடமேற்கு ஸ்பிட்ஸ்பெர்கன்: கட்டைகள் ஒதுங்கும் கரை

ரப்பர் படகில் கரையிறங்கினோம். மரமே முளைக்காத தீவின் கரை முழுக்க மரக்கட்டைகள். சைபீரியக் காடுகளில் வெட்டி ஆற்றில் விட்டவையும், கரை இடிந்து விழுந்தவையும், பனியில் உறைந்து ஆண்டுக்கணக்கில் நகர்ந்து இங்கே வந்து ஒதுங்கியவை. சாம்பல் நிறத்தில் வெளுத்து, எலும்பு போல் வழவழப்பாகக் கிடந்தன. பல ஆயிரம் ஆண்டுகளாக இப்படித்தான் வருகின்றன. பழைய வேட்டைக்காரர்கள் குடிசை கட்டியதும் குளிர் காய்ந்ததும் இந்தக் கட்டைகளால்தான்.

அந்தக் கட்டைகளுக்கு இடையில் குப்பை பொறுக்குவதுதான் எங்கள் வேலை. மீன்பிடி மிதவைகள், பெட்டி கட்டும் பட்டைகள், எண்ணெய்க் குடுவைகள், பாசி ஏறிய இழுவை வலை. வலையில் கொம்பு சிக்கிப் பட்டினியால் சாகும் பனிமான்களைப் பற்றித் துப்பாக்கியேந்தி நின்ற வழிகாட்டிப் பெண் சொன்னார். 2016 முதல் 2021 வரை பயணிகள் இந்தத் தீவுகளில் இப்படிப் பொறுக்கியதை ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். பெரும்பகுதி மீன்பிடித் தொழிலிலிருந்து வந்தது. எழுத்து படிக்கக் கிடைத்தவற்றில் ரஷ்யாவும் நார்வேயும் முன்னால் நின்றன. கடலுக்கு அப்பால் தெற்கே இருக்கும் ஜெர்மனியும் பட்டியலில் இருந்தது.

எனக்குக் கிடைத்தது ஒரு நீலக் கயிறு. கட்டைவிரல் பருமன். பாதி கூழாங்கற்களுக்குள் புதைந்திருந்தது. இழுத்ததும் புரி பிரிந்தது. உள்ளிழைகள் இன்னும் பளிச்சென்று நீலமாக இருந்தன. வெளியிழைகள் வெயிலிலும் உறைபனியிலும் வெளுத்து, தொட்ட இடத்தில் முறிந்தன. கையுறை முழுக்க நீலத் தூள். கயிற்றைச் சுருட்டி மூட்டையில் போட்டேன். தூளில் கொஞ்சம் கற்களின் இடுக்கில் இறங்கியது. அடுத்து வந்த அலை அதைக் கொண்டுபோனது. குனிந்து தேடினேன். எடுக்க ஒன்றும் அகப்படவில்லை.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் கவிழ்ந்த சரக்குக் கப்பலின் பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைக்கு வந்தபோது, மக்கள் அவற்றை மணலோடு அள்ளிச் சலித்தார்கள். வெள்ளை வெள்ளையாகக் கண்ணுக்குத் தெரிந்தன. எந்தக் கப்பல் என்று தெரிந்தது. யாரிடம் இழப்பீடு கேட்பது என்றும் தெரிந்தது. இங்கே என் கையுறையில் ஒட்டியிருந்த தூளுக்குக் கொடியும் இல்லை, ஊரும் இல்லை.

"இத்தனை நீளக் கரையில் நாம் பொறுக்குவது எம்மாத்திரம்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். "பெரியதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் அது சிறியதாகாது. அதற்காகத்தான் குனிகிறோம்" என்றார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட சொற்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

ஃபிராம் நீரிணை: பனி விளிம்பு

கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடைப்பட்ட நீரிணைக்கு நான்சன் கப்பலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். கிழக்கோரத்தில் அட்லாண்டிக் நீர் வடக்கே ஏறுகிறது. மேற்கோரத்தில் துருவப் பனி தெற்கே இறங்குகிறது. கப்பல் பனி விளிம்பில் என்ஜினைத் தணித்துக்கொண்டு நின்றது. காற்றில்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாளங்கள், அவற்றின் ஓரங்களில் நீரோடு சேரும் இடத்தில் பச்சையும் நீலமும் கலந்த ஓர் ஒளி. சமையலறையிலிருந்து சூடான வாஃபிளும் அதன் மேல் சீவிய பழுப்புப் பாலாடைக்கட்டியும் தளத்துக்கே வந்தன. தித்திப்பும் உப்பும் சேர்ந்த அந்தச் சுவையோடு எல்லாரும் பேச்சை மறந்து நின்றோம்.

இந்த வெண்மைக்குள் இருப்பதை 2018-இல் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனத்தின் இல்கா பீக்கன் குழுவினர் வெளியிட்டார்கள். ஒரு லிட்டர் கடற்பனியில் 12,000 துகள்கள் வரை. 17 வகைப் பிளாஸ்டிக். பெரும்பாலானவை ஒரு தலைமயிரின் பருமனைவிட மிகச் சிறியவை. கடல்நீர் உறையும்போது துகள்களும் சேர்ந்து உறைகின்றன. பனி எந்த நீரில் உறைந்ததோ அந்த நீரின் அடையாளம் அதில் இருக்கிறது. சைபீரியாவின் ஆழமற்ற கடல்களில் உருவான பனியில் கப்பல் சாயமும் மீன்வலை நைலானும் மிகுதி. பசிபிக் நீரில் உருவானதில் பாலிஎத்திலீன். அடுத்த ஆண்டு மெலனி பெர்க்மன் குழுவினர் பாளங்களின் மேல் விழுந்த பனிப்பொழிவைச் சோதித்தார்கள். அதில் லிட்டருக்கு 14,400 வரை. அது காற்றில் வந்தது. கார் டயர்கள் சாலையில் தேய்ந்து உதிரும் தூளும் காற்றோடு ஆர்க்டிக் வரை எட்டுவதாக வேறோர் ஆய்வு காட்டுகிறது.

கப்பலின் அலையில் ஒரு பாளம் மெல்லப் புரண்டது. அடிப்புறம் பழுப்பு நிறத்தில், சடைசடையாக ஏதோ தொங்கியது. "மெலோசிரா!" என்று உயிரியலாளர் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து காட்டினார். பனியின் அடியில் நீள இழைகளாக வளரும் பாசி இது. துருவக் கோடையின் முதல் உணவு. அதன் வழவழப்பில் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. சுற்றியுள்ள நீரில் இருப்பதைப்போல் பத்து மடங்கு இந்தப் பாசியில் இருந்ததாக 2023-இல் கண்டார்கள். பனி உருகும்போது பாசி கட்டிகட்டியாகத் திரண்டு, நேரே ஆழத்துக்கு விரைந்து இறங்குகிறது. ஒட்டியதும் கூடவே இறங்குகிறது.

நாங்கள் நின்ற நீரிணையில் ஆர்க்டிக்கின் மிக ஆழமான பள்ளம் இருக்கிறது. சுமார் 5,500 மீட்டர். 1999 முதல் ஜெர்மன் ஆய்வாளர்கள் இந்தக் கடலடியைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். 2020-இல் வந்த கணக்கில், ஒரு கன மீட்டர் நீரில் அதிகபட்சம் 1,287 துகள்கள். கடலடியில் உலர்ந்த ஒரு கிலோ வண்டலில் 13,331 வரை. வெளிச்சமே எட்டாத அந்தச் சேற்றைத் தின்று கடல் அட்டைகள் வாழ்கின்றன. மேலிருந்து விழும் பாசிதான் அவற்றுக்கு விருந்து. அந்த விருந்தில் நம் சட்டையும் வலையும் கப்பல் சாயமும் கலந்துவிட்டன. எந்த வலை போட்டு, எந்தக் கையால் அதைத் திரும்ப எடுப்பது?

திரும்பும் வழி

லாங்யியர்பியன் துறையில் எங்கள் மூட்டைகளை இறக்கி வைத்தோம். ஊரின் குப்பையோடு சேர்ந்து அவை கப்பலேறி நார்வே பெருநிலத்துக்குப் போகும். மூட்டைகளைப் பார்க்க மனம் நிறைந்தது, கூடவே கனத்தது.

தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. மஞ்சப்பையும் திரும்பி வந்திருக்கிறது. நல்லது, அது இன்னும் கண்டிப்பாக நடக்க வேண்டும். ஆனால் பாலியஸ்டர் இழையும், டயர்த் தூளும், கப்பல் சாயமும், தேய்ந்த வலையும் அந்தத் தடைப் பட்டியலில் இல்லை. ஆர்க்டிக்கின் பனியிலும் சேற்றிலும் இவையெல்லாம் இருக்கின்றன. 2022-இல் உலக நாடுகள் கூடிப் பிளாஸ்டிக்குக்கு ஓர் ஒப்பந்தம் செய்யத் தீர்மானித்தன. 2024-இல் பூசானிலும் 2025-இல் ஜெனீவாவிலும் பேசி முடிவில்லாமல் கலைந்தன. உற்பத்திக்கு வரம்பு வேண்டும் என்ற இடத்தில்தான் பேச்சு முறிந்தது. எண்ணெய் விற்கும் நாடுகள் எதிர்த்தன. எண்ணெய் விற்றுக்கொண்டே வரம்பு வேண்டும் என்று கேட்ட நார்வே போன்ற நாடும் இருந்தது. அந்தக் குரல் வலுக்க வேண்டும். இந்தியாவும் அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும் என்பது என் ஆசை. துருவத்தில் ஆய்வு நிலையம் வைத்திருக்கும் நாட்டுக்கு அதற்கான உரிமையும் கடமையும் உண்டு.

ஆழ்கடலுக்குப் போய்விட்ட துகளை இனி யாராலும் எடுக்க முடியாது. கயிறாக, வலையாக, சட்டையாக, குருணையாக இருக்கும்வரைதான் அது மனிதர் கைக்குள் இருக்கிறது. வடக்கே அந்தக் கரையில் குனிந்து பொறுக்குகிறவர்கள் தங்கள் பங்கைச் செய்கிறார்கள். மீதி வேலை ஆலை வாசலிலும், மீன்பிடித் துறையிலும், கழிவுநீர் வாய்க்காலிலும், நாம் துணி துவைக்கும் இடத்திலும் காத்திருக்கிறது. அதை அங்கேயே செய்தாக வேண்டும்.